பதினோராவது விலா

"என் கார் இன்ஜினுக்குப் புதுசா ஒரு விலா முளைச்சிருக்கு!" என்று கோயில் கோபுரத்துப் புறாக்களெல்லாம் பறக்கும்படி அறிவித்தார், பென்ஷன்காரர் பிச்சுமணி.

"புளுகாதேங்கோ. இதுவும் பொய்யானா நாளைக்கே காரை வித்துடுவேன்" என்றாள் மனைவி அனந்தலக்ஷ்மி.

அந்தப் பழைய காரின் இன்ஜினை மேலே மூடும் வால்வு மூடிமேல், விலா எலும்புபோல் புடைத்த பத்து அலுமினிய விலாக்கள் வரிசையாக இருந்தன. முகடுகளில் பெயிண்ட் படாதிருக்க அவளே டேப் ஒட்டி, டேப்புகளில் ஒன்று முதல் பத்து வரை எண்ணும் எழுதியிருந்தாள். பிச்சுமணி மூடிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து வெயிலில் காயவைத்தார்.

இப்போது அவள் டேப்புகளை எண்ணி உரித்தாள். பத்தும் வந்தன, முகடுகள் பளபளத்தன. ஓரத்தில் இன்னொரு விலா, டேப்போடு நின்றது. அதில் பதினொன்று என்று எழுதியிருந்தது.

அனந்தலக்ஷ்மி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"என் கையெழுத்துதான், பாருங்கோ. ஆனா நான் பத்துதான் ஒட்டினேன். முளைச்சது நிஜம்தான்."