சீனியரின் பதவி

படிக்கப் போன அயல்நாட்டில், அவன் மனசைப் பறிகொடுத்திருந்த பெண்ணின் வாயில் எப்போதும் சீனியர் புராணம்தான்.

"மாணவர் சங்கத்துல வெளிநாட்டு மாணவர் பிரதிநிதின்னா சும்மாவா? யாருக்கு விசா சிக்கல்னாலும் சாப்பிடற தட்டைத் தள்ளிட்டு ஓடறார்!"

அவனுக்கு வயிறு எரிந்தது. அந்தப் பதவியைப் பிடுங்கினால்தான் அவள் தன்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று, தேர்தலில் சீனியரை எதிர்த்தே நின்றான்.

அவளோ ஹாஸ்டலில் கதவு கதவாகத் தட்டி அவனுக்கு ஓட்டுக் கேட்டாள். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஜெயித்ததும் பூங்கொத்தோடு அவளைத் தேடி ஓடினான். அவள் சீனியரோடு கை கோத்தபடி நின்றிருந்தாள்.

"ரொம்ப தேங்க்ஸ்ப்பா! பதவியை விட்டுடுங்கன்னு இவர்கிட்ட எவ்வளவோ கெஞ்சினேன், கேக்கல. அதான் உன்னை ஜெயிக்க வெச்சேன். இனிமேலாவது எனக்குன்னு இருப்பார்."

வாயைத் திறப்பதற்குள் அவன் போன் அடித்தது. யாருக்கோ விசா சிக்கல்.