அழியாத கோலம்

மந்தைவெளியில், கேபிள் டி.வி. ஆள் ஏணியைப் போட்டு உடைத்த தன் வீட்டு வாசற்படியைத் தானே பூசிக்கொண்டிருந்தார் ஸ்ரீரங்கன்.

“ஒரு கொத்தனாரைக் கூப்பிடப்படாதான்னா?” என்றாள் மனைவி வைதேகி.

“அவன் இழுத்தடிப்பான். நாளைக்கு வர்றவா இடறி விழுந்தா நம்மாத்து மானம் என்னாறது?”

பெயர்ந்த காரையைக் கொத்தியெடுத்து, தண்ணீர் தெளித்து, சிமென்ட்டைக் கண்ணாடி மாதிரி இழைத்தார். அப்படியும் திருப்தி இல்லை. ஈரம் காய்வதற்குள் ஓர் ஆணியால் பெரிய தாமரைக் கோலமாகக் கீறத் தொடங்கினார்.

“ஐயையோ, நாளைக்குப் போய்...”

“நீ வாயை மூடு. இனிமே குனிஞ்சு கோலம் போடற வேலையே உனக்குக் கிடையாது. ஆயுசுக்கும் அழியாது!”

வைதேகி வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் படி கல்லாக இறுகியிருந்தது. வந்தவர் இடறவில்லை, படியேறவே இல்லை. தெருவிலேயே நின்றுவிட்டார் வாத்தியார்.

“மாமா, உங்கப்பா திவசம்னுதானே வரச் சொன்னேள்? திவசத்தன்னிக்கு யாராவது வாசல்ல கோலம் போடுவாளா?”

ஸ்ரீரங்கன் மெதுவாக மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“தண்ணி ஊத்தினாப் போகாதுன்னா,” என்றாள் வைதேகி. “கடப்பாரை கொல்லையில இருக்கு. எடுத்துண்டு வரட்டுமா?”