வெறுந்தண்ணி

“இண்டைக்கும் வாய் வைக்கல்ல கா!”

புஸ்பம் கோப்பையோடு வந்து நின்றாள். விளிம்பு வரைக்கும் தேத்தண்ணி அப்படியே கிடந்தது.

“ஆரு?” என்று தெரியாத மாதிரிக் கேட்டாள் சின்னத்தங்கம்.

“ஆரா? உன்ட வெள்ளைக்கார மிஸ்தான். நெஞ்சில கை வெச்சு ‘நன்றி, நன்றி’ எண்டுபோட்டு எழும்பிப் போறா. கடைசியா அவ தேத்தண்ணி குடிச்சது உன்ட கொட்டிலில. அப்பிடி என்னத்தைக் கா கலந்து குடுத்த?”

பக்கத்துக் கொட்டில்களில் சிரிப்பு. சின்னத்தங்கத்துக்கு முகம் சுட்டது. இடுப்பில் இருந்த பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சண்டையில் வாகரைப் பக்கம் செல்லடி தாங்காமல் ஓடிவந்து, ஆரையம்பதிக்குக் கிட்ட இந்தத் தறப்பாள் கொட்டில்களுக்குள் ஒதுங்கி நாலு மாதம். முகாமில் வயிற்றோட்டம் பரவினபோதுதான் ஒல்லாந்திலிருந்து தொண்டு செய்ய வந்தாள் அந்தப் பிள்ளை, அனெக்கா. அவள் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்லக் காத்தான்குடி ஸாலிஹா கூடவே வருவாள்.

சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கள். குடத்தை மூடி வையுங்கள். தண்ணியைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள். மூன்று கிழமையாய் இதே பாட்டுத்தான்.

முதல் நாள் முதல் கொட்டில் சின்னத்தங்கத்தினது. பால் விட்ட தேத்தண்ணி கொடுத்தாள். சும்மா சொல்லக்கூடாது, அடி மண்டி வரைக்கும் ருசித்துத்தான் குடித்தாள் அந்தப் பிள்ளை. அடுத்த நாளிலிருந்து எந்தக் கொட்டிலிலும் தேத்தண்ணியைத் தொடவில்லை. தோளில் தொங்கும் பையிலிருந்து தன் போத்தலை எடுத்துக் குடிப்பாள்.

ஊர்வாயை மூட உலைமூடி உண்டா?

“எங்கட கை அவவுக்கு அருவருப்பு!”

“கொதிச்சாறின தண்ணி நல்லம் எண்டுவா. அதில போட்ட தேத்தண்ணி அவவுக்கு ஆகாது. ஊருக்குத்தான் உபதேசம்!”

“அவவே நம்பாத தண்ணிக்கு நான் ஏன் விறகை எரிக்க?” என்று புஸ்பம் தண்ணி கொதிக்க வைப்பதையே விட்டுவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர்.

சின்னத்தங்கத்துக்கோ வேறு கவலை. அண்டைக்குக் கோப்பையில் ஈ கிடந்ததோ? சீனியில் எறும்போ? வயல் வட்டையில் நாற்பது பேருக்கு ஆக்கிப் போட்ட கை இது. அந்தக் கைக்கா இந்தப் பேர்? நினைக்க நினைக்க அழுகை வந்தது. கோப்பைகளைச் சாம்பல் போட்டு மினுக்கி மினுக்கிக் கை தேய்ந்ததுதான் மிச்சம்.

அன்று அவள் கொட்டிலுக்கு வருகிற முறை. இரண்டு பேரும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். புஸ்பமும் வேடிக்கை பார்க்க வாசலில் வந்து நின்றாள்.

நிவாரண லொறி வந்து இரண்டு கிழமை. தேயிலையும் இல்லை, சீனியும் இல்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு வெறுந்தண்ணி கொடுக்கிறதா? பகையாளிக்கும் அப்படிக் கொடுத்த பரம்பரையில்லை அவளுடையது.

வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன. மூடி வைத்த பானையிலிருந்து செம்பில் வார்த்து நீட்டினாள்.

“குடிக்கச் சொல்லு தங்கச்சி. கொதிச்சாறின தண்ணி. இதையும் வேணாம் எண்டா, இனி என்ட வாசல மிதிக்க வேணாம் எண்டு சொல்லு.”

ஸாலிஹா மாற்றிச் சொல்லவே இல்லை. அதற்குள் அனெக்கா இரண்டு கையாலும் செம்பை வாங்கி, மடக்கு மடக்கென்று குடித்து முடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே செம்பை மறுபடி நீட்டினாள்.

இரண்டாவது செம்பும் போனது.

புஸ்பத்தின் வாய் திறந்தபடி நின்றது.

“மறுகா ஏன் இவ்வளவு நாளும் வேணாம் எண்டவ?” என்று கேட்டாள் சின்னத்தங்கம்.

“தண்ணி வேணாம் எண்டு அவ ஒரு நாளும் சொல்லல்ல அக்கா. ‘தண்ணி மட்டும் போதும்’ எண்டு எல்லாக் கொட்டிலிலயும் கேட்டவ. நானும் சொன்னனே. வெக்கம் எண்டு ஒருத்தரும் குடுக்கல்ல. தேத்தண்ணியத்தான் கொண்டுவந்து நீட்டின நீங்க.”

புஸ்பம் தலையைக் குனிந்துகொண்டாள். உண்மைதானே.

“அப்ப தேத்தண்ணி? என்ட தேத்தண்ணியில என்ன பிழை?”

ஸாலிஹா தயங்கினாள். “சொன்னா உங்கட மனம் நோகும், சொல்ல வேணாம் எண்டவ.”

“உன்ட அல்லாவுக்காகச் சொல்லு புள்ள.”

ஸாலிஹா அனெக்காவைப் பார்த்தாள். என்ன பேச்சென்று விளங்கியதோ என்னவோ, அந்தப் பிள்ளை கண்ணைத் தாழ்த்தி, சின்னத்தங்கத்தின் மடியில் கிடந்த குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“ஒரு பிழையும் இல்ல அக்கா. இஞ்ச வந்து குடிச்சதிலயே ருசியானது அதுதான் எண்டு இப்பவும் சொல்லுவா. அண்டைக்குக் குடிச்சிட்டு வெளிய போனவ, கோப்பையத் தர மறந்து கிறுகி வந்திரிக்கா. நீங்க காணல்ல. பால்மா முடிஞ்ச வெறும் டின்னுக்குள்ள சுடுதண்ணி ஊத்திக் கழுவி, அந்தத் தண்ணியப் புள்ளைக்குப் பருக்கிக்கொண்டு இரிந்தீங்களாம்.”