கரிக்குருவியின் வலப்பக்கம்

இப்போதெல்லாம் எவனுக்கும் வயசாவதில்லை. தலை நரைத்து, பல்லும் ஆடத் தொடங்கிய பிறகு பொம்மை கேட்கிறான்.

வீட்டில் முசுடு என்று பெயரெடுத்த கிழவர், மாடிப்படி ஏறும்போதே இதைச் சொல்லி முடித்துவிட்டார். மருமகன் வாயைத் திறக்கவில்லை. இருபது வருடப் பழக்கம்.

மேலே, பட்டப்பகலில் திரை இழுத்துவிட்ட நீள அறை. அறை நிறைய மேஜை. மேஜை நிறைய ஓர் ஊர்.

தீப்பெட்டி உயர வீடுகள். ஜன்னல்தோறும் மினுக்கும் வெளிச்சம். விரல் நீள ரயிலொன்று மலைக்குள் நுழைந்து, வரவே வராது என்று நினைத்த நேரத்தில், வேறெங்கிருந்தோ வந்தது. அது வரும்வரை தாமும் மூச்சைப் பிடித்திருந்தது கிழவருக்குப் பிடிக்கவில்லை.

சுற்றிப் பதினோரு பேர். பல் டாக்டர், தையல்காரர், வாத்தியார், இப்படி. தூங்கும் குழந்தை பக்கத்தில் இருப்பதுபோல் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அடுத்து எந்த இன்ஜினைப் பொம்மையாகச் செய்ய வேண்டும் என்று வருடாவருடம் ஆளுக்கொரு சீட்டு எழுதி பிஸ்கட் டப்பாவில் போடுவார்களாம். அதிகம் பேர் கேட்டதைப் பொம்மைக் கம்பெனி செய்து தருமாம்.

இந்த வருடம் பதினோரு சீட்டிலும் ஒரே பெயர். கரிக்குருவி.

ரயில்வே யார்டுக்குள் பெட்டி தள்ளிக்கொண்டு திரிந்த குட்டி இன்ஜின். ஊர் விட்டு ஊர் போனதில்லை. உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், கிடைத்த பதினான்கு போட்டோவும் இடப்பக்கம் நின்று எடுத்தவை. பிளாட்பாரம் அந்தப் பக்கம்தான். வலப்பக்கம் எப்படி இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. திங்கட்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேறு இன்ஜினுக்குப் போய்விடுவோம் என்று கம்பெனி எழுதிவிட்டது. இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைத்துவிடலாமே என்ற தையல்காரரோடு ஒரு மாதம் யாரும் பேசவில்லை.

மாமா அந்த யார்டில்தான் வேலை பார்த்தார் என்று மருமகன் பெருமை அடித்து வைத்திருந்தார். என்ன வேலை என்று அவர் கேட்டதில்லை. இவரும் சொன்னதில்லை.

தெரியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு கிளம்பிவிடத்தான் கிழவர் வந்திருந்தார். தெரியும் என்றால், எப்படித் தெரியும் என்பார்கள். கேள்வி ஒருநாளும் தனியாக வராது. சொந்தபந்தத்தோடுதான் வரும்.

பல் டாக்டர் ஒரு மரப்பொம்மையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். பன்னிரண்டு வருட உழைப்பு. இடப்பக்கம் ஆணிக்கு ஆணி அச்சு அசலாக இருந்தது. வலப்பக்கம் வெறும் இழைத்த பலகை.

கிழவரின் கட்டைவிரல் பலகை மேல் போய் நின்றது.

பலகை மெல்லச் சூடானது. எண்ணெய் வாசனை வந்தது. முந்தின இரவு மழை இரும்பில் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"இங்க ஒரு குழாய் ஓடும்," என்றார், யாரிடமும் இல்லாமல்.

விரல் நகர்ந்தது. இரண்டு படி; கீழ்ப்படி உள்பக்கமாக நெளிந்திருக்கும். அதற்கு மேலே ஒட்டுத் தகடு, ஏழு போல்ட், ஏழில் ஒன்று புதுசு. ஜன்னலுக்குக் கீழே யாரோ ஆணியால் கீறிய மீன். மணல் பெட்டி மூடிக்குள் ஒரு கூடு, வைக்கோலும் சிவப்பு நூலும். காலிக் கூடு.

பல் டாக்டரின் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. மேஜை மேல் ரயில் இரண்டு தரம் மலைக்குள் போய் வந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

விரல் நின்றதும் பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, பதினான்கில் கடைசிப் போட்டோவை எடுத்து நீட்டினார்.

யார்டு மூலையில் கரிக்குருவி. ஒரு கீறல் இல்லாமல் முழுசாக நிற்கிறது. சக்கரங்களுக்கு நடுவே, அந்தப் பக்கம் நிற்கும் யாரோ ஒருவரின் கால்கள், பூட்ஸோடு.

"அது டிரைவருங்கய்யா. கடைசியா ஒரு தடவை தடவிக் குடுத்துட்டுப் போக வந்திருக்கார். அவரையும் நகம் உயரத்துக்கு ஒரு பொம்மை செஞ்சு, வலப்பக்கமா நிறுத்தச் சொல்லப் போறோம்."

கிழவர் போட்டோவைக் கண்ணருகே கொண்டுபோனார்.

இடது பூட்ஸில் கயிறு இல்லை, செம்புக் கம்பி. நெருப்புப் பொறி பட்டுக் கயிறு கருகிக்கொண்டே இருந்ததால் அவரே கட்டிக்கொண்டது.

போட்டோ எடுத்த நேரத்தில் குழாய் இல்லை. படி இல்லை. மீன் இல்லை. பழைய இரும்புக்கு வெட்டிப் போட, கேஸ் நெருப்பை வலப்பக்கம்தான் முதலில் வைத்தார்கள். கண் கூசாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, காலை ஏழு மணியிலிருந்து வெட்டிக்கொண்டிருந்தவர் இந்தக் கிழவர்தான். கூட்டை மட்டும் எடுத்துச் சுவர் மேல் வைத்துவிட்டு.

ஆளைத் தெரியுமா ஐயா என்று கேட்டார்கள்.

யாரோ கூலிக்காரன் என்று சொல்லி எழுந்தார். தடவிக் கொடுக்கவாம். இரும்பைப் போய் எவனாவது தடவுவானா. படித்தவன் எதையும் நம்புவான்.

வாசலில் மருமகன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, கிழவர் முதல் படியில் நின்றார்.

"மாப்ளே, அந்த ஆளைச் செய்யுறதா இருந்தா, கறுப்புக் கண்ணாடி போட்டுச் செய்யச் சொல்லு."

அழுவது தெரியாமல் இருக்கவா மாமா என்று மருமகன் கேட்டார்.

தலை நரைத்த பிறகு பொம்மையாம் என்று முணுமுணுத்தபடி, கிழவர் கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் இறங்கிப் போனார்.