திரும்பி வராத பாட்டில்கள்

பாட்டில் கழுவும் இயந்திரம் மூன்று நாட்களாக நின்றுகிடந்தது.

அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார் காசிலிங்கம். சேரன்மகாதேவி சாலையில் உள்ள அந்தக் கலர் சோடா கம்பெனி அவருடையது. ஆரஞ்சு, பன்னீர், திராட்சை என்று மூன்று கலர். நிரப்பச் சரக்கு இருந்தது. பாட்டில்தான் இல்லை.

எதிரே பியூலா உட்கார்ந்திருந்தாள்.

பிளாஸ்டிக்கை விட்டுக் கண்ணாடிக்கு மாறலாம் என்று யோசனை சொன்னவள் அவள்தான். சென்னையில் பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் சுற்றுச்சூழல் ஆலோசனை சொன்னவள், தானாகவே தேடி வந்தபோது காசிலிங்கத்துக்குப் பெருமையாக இருந்தது.

குடித்த பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால், அதற்குக் கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்கும். அதையே கழுவி, மறுபடி நிரப்பலாம். ஒரு பாட்டில் இருபது தடவை வந்து போனால் நல்ல லாபம். ஆற்றிலும் குப்பை சேராது.

காசிலிங்கம் வீட்டை அடகு வைத்தார். பிளாஸ்டிக் இயந்திரத்தை விற்றார். இரண்டு லட்சம் பாட்டில் இறக்கினார். ஆற்றைக் காக்கும் குளிர்பானம் என்று பத்திரிகையில் படத்தோடு போட்டார்கள்.

எட்டு மாதத்தில் கிட்டத்தட்ட எல்லாமே காணாமல் போய்விட்டன.

யாரோ கடை கடையாகப் போய், முன்பணத்துக்கு மேல் இரண்டு ரூபாய் கொடுத்துக் காலி பாட்டில்களை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"இது ஒண்ணும் புது வித்தையில்ல மேடம்" என்றார் காசிலிங்கம். "நானே செஞ்சதுதான். பாளையங்கோட்டையில ஞானசிகாமணின்னு ஒருத்தன் கலர் போட்டுக்கிட்டிருந்தான். நம்மளவிட நல்லா ஓடிச்சு. அவன் பாட்டில் பூராவையும் வாங்கித் தரையில பரப்பி, லாரிய ஏத்தி நொறுக்கிட்டேன். ஒரே கோடையில ஆளு காலி."

"அப்புறம் அவரு எங்க போனாரு அண்ணாச்சி?"

"எங்க போவான்? எங்கிட்டயே வந்து நின்னான். நாலு வருஷம் இங்கனதான் பாட்டில் கழுவுனான்."

அவர் சிரித்தார். பியூலா சிரிக்கவில்லை.

அந்தக் காலத்தில் இயந்திரம் கிடையாது. சோடாக் காரம் கலந்த வெந்நீரில் கையை விட்டுத்தான் கழுவ வேண்டும். ஞானசிகாமணிக்கு விரல் நுனித் தோல் எல்லாம் உரிந்து போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தின் தாளைக்கூட அவரால் புரட்ட முடியாது. பக்கத்தில் நிற்கும் ஒன்பது வயது மகள்தான் புரட்டிக் கொடுப்பாள்.

காசிலிங்கத்துக்கு இதெல்லாம் தெரியாது. அந்த மகளின் பெயரும் தெரியாது.

"மேலப்பாளையத்துல தாவூதுன்னு ஒரு பழைய இரும்புக் கடைக்காரரு. அன்னைக்கு லாரி ஓட்டுனது அவருதான். ஜில்லாவுல எவன் பாட்டில் சேக்குதான்னு அவருக்குத் தெரியாம இருக்காது. ஒரு வார்த்தை கேளுங்க மேடம்."

"கேக்கேன். அதுவரைக்கும் கம்பெனி நிக்கக் கூடாது அண்ணாச்சி. இன்னும் ஒரு லட்சம் பாட்டில் வாங்குங்க. இப்ப விட்டா, போட்டதெல்லாம் வீணாப் போயிரும்."

காசிலிங்கம் மனதுக்குள் கணக்குப் போட்டார். மனைவி பெயரில் வயல் இருந்தது. அதுதான் மிச்சம்.

"சரி, வாங்கிருவோம்" என்றார்.

பியூலா வெளியே வந்தாள். இயந்திரத்தில் பாட்டில் அடுக்கும் பெண்கள் வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஷம்ஸியா எழுந்து வந்தாள்.

"நாளைக்காவது வேலை உண்டா மேடம்?"

"புதுப் பாட்டில் வரும்" என்றாள் பியூலா. ஷம்ஸியாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான்கு வருடத்துக்கு முன்பு அப்பாவை அடக்கம் செய்த அன்று, எல்லாரும் போன பிறகும் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு பெரியவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். லாரி ஓட்டியது தான்தான் என்று அவர் சொல்லி அழுத பிறகுதான், தொழில் நொடித்துப்போன கதையே அவளுக்குத் தெரியும். சாகும்வரை அப்பா அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை.

அதன் பிறகு அவள் சென்னை வேளச்சேரியில் இருந்த தன் வீட்டை விற்று, அந்தப் பணத்தோடு ஊர் திரும்பினாள்.

போனை எடுத்து அவருக்கு அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்தார் தாவூது.

"உவரி ஐஸ் கம்பெனிக் கட்டடம் பூரா பாட்டிலா நெறஞ்சிட்டும்மா. இனி வைக்க எடமில்ல."

"வேற எடம் பாருங்க பாய்" என்றாள். "இன்னும் ஒரு லட்சம் வருது."