சனிக்கிழமைப் பெட்டி

டிவியில் வானவில் நிறத்தில் ஒரு சதுரம் வந்தது. அங்கேயே நின்றது.

அவன் பிளக்கைப் பிடுங்கினான். மூச்சை இழுத்துவிட்டு மறுபடி சொருகினான்.

அதே சதுரம்.

“ஆபீஸ்ல அவ்ளோ பெரிய சர்வரையெல்லாம் தட்டி எழுப்பிடறீங்க. இந்த சோப்பு டப்பா உங்களுக்கே டிமிக்கி குடுக்குதே!” என்றாள் மகள், சோபாவில் சாய்ந்தபடி. ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

சோப்பு டப்பா என்பது அவள் வைத்த பெயர்தான். உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டர். பழைய காலத்து வீடியோ கேம்களுக்காகவே அவன் வாங்கி, உட்கார்ந்து தயார் செய்தது. ஒரு குடும்பம் இரண்டு வீடாகி, அவள் சனிக்கிழமை மதியங்களில் மட்டும் வந்து போக ஆரம்பித்த நாட்களில்.

அவளுடைய அம்மா ஒருமுறை போனில் சொல்லிவிட்டாள். “உங்களைப் பார்க்க வர்றான்னு நினைச்சுக்காதீங்க. அந்த டப்பாவுக்காகத்தான் வர்றா. அது ஓடற வரைக்கும்தான் உங்க சனிக்கிழமை.”

குத்தலாகச் சொன்னதுதான். ஆனால் பொய் என்று அவனால் சொல்ல முடியவில்லை.

ஸ்கூல் எப்படிப் போகிறது என்று கேட்டால் “ம்” என்பாள். சாப்பிட்டாயா என்றாலும் “ம்”தான். பதிமூன்று வயது அப்படி. டப்பா ஓடினால் மட்டும், “ஐயோ அப்பா, குதிங்க, குதிங்க, செத்தோம்!” என்று கத்துவாள். அவன் தோளில் ஓர் அடி விழும்.

அந்த ஓர் அடியை வைத்துக்கொண்டு அவன் ஒரு வாரத்தை ஓட்டிவிடுவான்.

ஆகவே டப்பா ஓடியாக வேண்டும்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கரண்ட் வருகிறது. பச்சை விளக்கு சிமிட்டியது. மெமரி கார்டையும் படிக்கிறது. கேபிளை மாற்றினான். அடாப்டரை மாற்றினான். டிவிக்குப் பின்னால் தலையை விட்டுத் தும்மினான்.

சதுரம் அசையவில்லை.

“விடுங்கப்பா. அதுக்கு வயசாயிடுச்சு.”

“ரெண்டு வருஷமெல்லாம் ஒரு வயசா? இரு குட்டி, இதோ ஆயிடும்.”

அந்த ‘இதோ’வை அவள் வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். அவள் போனில் மணி பார்ப்பதை, பார்க்காத மாதிரி பார்த்தான். அவசரத்தில் நகத்தளவு கார்டு நழுவி சோபாவுக்கு அடியில் போய்விட்டது. தரையோடு தரையாகப் படுத்துத் துழாவினான். முகத்துக்குப் பக்கத்தில் அவளுடைய ஷூ ஆடிக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லை. கார்டை லேப்டாப்பில் செருகினான்.

கரண்ட் வந்ததும் டப்பா முதலில் படிக்கும் சின்னக் கோப்பு ஒன்று உண்டு. திரை எந்த அளவு, சத்தம் எந்த வழியாக, எதை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று வரிவரியாக இருக்கும். அத்தனையும் அவன் எழுதியது. விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான்.

கிடைத்துவிட்டது!

எதை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று சொல்லும் வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் (#) குறி. அது இருந்தால் அந்த வரியை டப்பா கண்டுகொள்ளாது. போக வழி தெரியாமல் வானவில்லிலேயே நின்றுவிடும். அவ்வளவுதான் கோளாறு. ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும்.

“குட்டி” என்று கூப்பிட வாயெடுத்தவன் அப்படியே நிறுத்தினான்.

ஹாஷ் குறி தானாக முளைக்காது.

கோப்பின் தேதியைப் பார்த்தான். போன சனிக்கிழமை மாலை. அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்க அவன் கீழே போயிருந்தான். திரும்பி வந்தபோது லேப்டாப் அவள் மடியில் இருந்தது. ஸ்கூல் ப்ராஜெக்ட் என்றாள். டப்பாவை நானே ஆஃப் பண்ணிட்டேன்ப்பா என்றாள்.

அவள் எதையும் உடைக்கவில்லை. அந்த வரியை அழிக்கக்கூட இல்லை. அழித்திருந்தால், கார்டு கெட்டுவிட்டது என்று அவனும் நம்பியிருப்பான்.

வேண்டாத வரியை அழிக்காமல், முன்னால் ஒரு ஹாஷ் போட்டு ஓரங்கட்டி வைப்பது அவனுடைய பழக்கம். நாளைக்கே தேவைப்படலாம் என்பான். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் உலகத்தில் ஒருத்திதான்.

டப்பா ஓடினால்தான் சனிக்கிழமை; நின்றுவிட்டால் அவள் வர வேண்டியதில்லை. இந்தக் கணக்கு அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

“என்னப்பா, கண்டுபிடிச்சிட்டீங்களா?”

சோபாவில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். குரலில் கேலி இல்லை.

“இல்ல குட்டி. ஒண்ணும் பிடிபடல.”

கோப்பைத் தொடாமலே மூடினான். கார்டை எடுத்து டப்பாவில் போட்டான். சதுரம் வந்தது. பிடுங்கினான். துணியால் துடைத்தான். மறுபடி போட்டான். சதுரம். கேபிளைத் திருப்பிச் செருகினான். சதுரம். ரிப்பேர் நடக்கும்வரை அவள் எழுந்து போகமாட்டாள் அல்லவா?

கீழே அவளை அழைத்துப்போக வந்த காரின் ஹாரன் கேட்டது.

“இது தேறாது போலிருக்கு” என்றான், டிவியைப் பார்த்துக்கொண்டே. “கடையில குடுத்துப் பார்க்கறேன். சரியானா நானே போன் பண்றேன். அதுவரைக்கும் நீ வீணா அலையாத.”

“கோவமாப்பா?”

“யார் மேல, டப்பா மேலயா? சே சே. பாவம், அது என்ன பண்ணும்.”

அவள் பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனாள். என்ன நினைத்தாளோ, திரும்பி ஓடி வந்து இரண்டு கைகளாலும் அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

இந்த வீட்டுக்கு வர ஆரம்பித்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.