அஞ்சு கைச் சீனி

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவைக்குள்ள சீனின்னு ஒரு சர்க்கரை மூலக்கூறு இருந்தா. அவளுக்கு அஞ்சு கை. வளையல் வருதுன்னு கேட்டாப் போதும், அஞ்சையும் நீட்டிருவா. அதுல ஓரத்துக் கை இருக்கே, வெக்கங்கெட்டது, எப்பவும் முந்திக்கும். நாலாவது கை பயந்தாங்கொள்ளி, மடியிலயே கெடக்கும்.

சீனி மருந்தாகணும்னா அந்த நாலாவது கையில மட்டும் ஒரே ஒரு வளையல் ஏறணும். மாறிப்போச்சுன்னா நேரா சாக்கடைதான். அவ அக்கா அப்படித்தான் போனா. வளையல் மாட்ட வந்த தகரம்னு ஒரு முரட்டு உலோகம் அஞ்சு கையிலயும் மாட்டி விட்டுட்டுப் போயிருச்சு.

அப்ப உள்ள வந்தா ஊக்கி. செடியில பொறந்த பொடிசு வினையூக்கி. ஊருக்கெல்லாம் வளையல் மாட்டுவா, தனக்குன்னு ஒண்ணு எடுத்துக்க மாட்டா.

"என்னடி, மாவு சலிக்கிற மாதிரி ஆடுற?"

"பயமா இருக்குடி. இந்த நாலாவது சனியன் நீளவே மாட்டேங்குது!"

ஊக்கி அதைத் திரும்பிக்கூடப் பாக்கல. ஓரத்துக் கையை இறுக்கிப் புடிச்சு, உள்ளங்கையில கிச்சுக்கிச்சு மூட்டினா. சீனி விழுந்து விழுந்து சிரிச்சா. சிரிச்சு ஓஞ்சு பாத்தா, சிரிப்புல தன்னால நீண்டுபோன நாலாவது கையில வளையல் மின்னுது!

சீனிக்குக் கண்ணு கலங்கிருச்சு. "என்கூடவே இருந்துரேன்டி."

"இருக்கலாம்தான். ஆனா இங்க இன்னும் நாலு வளையல் மிச்சம் கெடக்கே. நான் பக்கத்துல இருந்தா அதுவும் உன் கையில ஏறிரும்டி, கிறுக்கி."

ஊக்கி வடிகட்டி வழியா வெளிய எறங்கினா. சீனி அழுதுக்கிட்டே அஞ்சு கையையும் தூக்கி டாட்டா காட்டினா.

"அடியே," வெளியிலிருந்து கத்தினா ஊக்கி, "கையை மடக்குடி மொதல்ல!"